மூன்று கட்டடத்துக்கும் ஒரே பூச்சு வேண்டாம்

இடைநிலைப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கு வணக்கம்.

ஆண்டு விழாவுக்குள் பள்ளியைப் புதுப்பிக்கக் குத்தகையாளரை அழைத்திருக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் மூன்று கட்டடத்துக்கும் ஒரே வேலைப் பட்டியல் போட்டிருப்பதுதான் கோளாறு. அவை ஒரே காலத்தவை அல்ல.

திடலோரச் செங்கல் கட்டடம் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது; சுண்ணாம்புக் காரையில் எழுந்த 9 அங்குலச் சுவர். நீளமான பலகைக் கட்டடம் புகுமுக வகுப்புக்காக வந்தது. நம் மலேசியாவில் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அக்காலத்தில் பிள்ளைகள் இந்தப் பலகைக் கட்டடத்தில் ஓராண்டு மலாயோ ஆங்கிலமோ பழகிய பிறகே படிவம் ஒன்றில், அதாவது இடைநிலையின் முதல் வகுப்பில், சேர்ந்தார்கள். 1965-இல் இடைநிலைப்பள்ளிக்கான நுழைவுத் தேர்வு போய், தொழிற்கலைப் பாடமும் சேர்ந்தபோது கூட்டம் பெருகியது. பட்டறைக் கட்டடம் அதன் விளைவு.

செங்கல் சுவரில் சாயம் உரிவதற்குச் சாயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. முன்பு யாரோ அடித்த சிமெண்டுப் பூச்சுதான் காரணம். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக ஆவியாகிவிடும். சிமெண்டு அடைத்தால் இன்னும் மேலே ஏறி, உப்பாகப் பூத்து, செங்கல்லையே பொடியாக்கும். முதலில் சுவரோரக் கால்வாயைத் தூர்வாருங்கள். பிறகு ஈரம் ஏறி நிற்கும் கோட்டுக்கு மேல் இரண்டு, மூன்று அடி வரை சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுக் காயவிடுங்கள். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கொத்தனார் கணக்கு. இந்தச் சுவருக்கு ஒன்பது மாதம். நம் மழைக்கு அதுவும் போதாமல் போகலாம். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஈரச் சாக்கு போர்த்தி மெதுவாக உலர்த்துங்கள், அவசரப்பட்டால் வெடிக்கும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், பிளாஸ்டிக் சாயம் கூடவே கூடாது.

பட்டறையின் நெளிகூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். சோதிக்காமல் துளையிடவோ உடைக்கவோ விடாதீர்கள். இருந்தால், உரிமம் பெற்றவர்கள் நனைத்து, திருகு கழற்றி, தகடு தகடாக இறக்கட்டும். பள்ளி விடுமுறையில் மட்டுமே.

பலகைக் கட்டடத்தை இடிப்பதாக இருந்தால், அதற்கு முன் அளவெடுத்து, சன்னல் கொக்கி வரை படமெடுத்து வையுங்கள். தூணின் அடியைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே போகாத தூண் இன்னும் உழைக்கும். நாங்கள் பார்த்தவரை கறையான் தின்றது சில தூண்களை மட்டுமே. கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

விழாவுக்குப் பட்டறையை முடித்துக்கொள்ளுங்கள். செங்கல் சுவரை விழாவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஊர்க் கொத்தனார்கள், தச்சர்கள்