மலை ஏறும் கேரவன்களும் நின்ற இடத்தில் எரியும் டீசலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட கேரவன் வேன்கள் நீலகிரிக்கு வருவது சில ஆண்டுகளாகக் கூடிக்கொண்டே வருகிறது. வாடகைக்கு எடுத்து வருவோரும், பழைய டிராவலர் வேனை வாங்கித் தாங்களே மாற்றி அமைத்துக்கொண்டு வருவோரும் எங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் கேட்கும் முதல் கேள்வி, மலை ஏறினால் மைலேஜ் எவ்வளவு கிடைக்கும் என்பதுதான். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மலைத்தடப் பேருந்துகளோடு பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், இக்கேள்விக்கு நான் அறிந்த விடையைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். ஏற்றத்துக்குச் செலவாகும் டீசலைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவோர், வண்டியை நிறுத்திய இடத்தில் இரவெல்லாம் எரியும் டீசலைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. குறைக்க முடிவது அந்தச் செலவுதான்.

முதலில் ஏற்றத்தின் கணக்கைப் பார்ப்போம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்திலும், உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இடைப்பட்ட 1,900 மீட்டருக்கு ஒரு டன் எடையைத் தூக்க 1 கோடியே 86 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 3 கோடியே 60 லட்சம் ஜூல் அடங்கியிருந்தாலும், நல்ல நிலையில் உள்ள எஞ்சின்கூட அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே சக்கரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. மற்றதெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே டன் ஒன்றுக்கு ஒன்றரை லிட்டர், மூன்றரை டன் கேரவனுக்கு ஐந்தரை லிட்டர் என்பது உயரத்துக்காக மட்டும் கட்டியே தீர வேண்டிய விலை. டயரின் உருளல் தடையையும், கொண்டை ஊசி வளைவுகளில் நின்று நின்று எடுப்பதையும் சேர்த்தால், குன்னூர் வழியாக உதகை சேரும் 51 கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் வரை ஆகும். லிட்டருக்கு ஆறு, ஆறரைதான் கொடுக்கிறது என்று வண்டியைக் குறை சொல்வோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். அதற்காக எரிபொருளில் எதையோ கலப்பதாலும், ஏதோ ஒரு கருவியை மாட்டுவதாலும் இந்தக் கணக்கு மாறிவிடாது.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பணிமனையில் நாங்கள் கே.எம்.பி.எல். என்று சொல்வோம். மலைத்தடப் பேருந்தின் கே.எம்.பி.எல்.லை ஏறும்போது மட்டும் யாரும் பார்ப்பதில்லை. ஏறி இறங்கி வந்தபின் டேங்க்கை நிரப்பி, ஊற்றிய டீசலை மொத்தத் தூரத்தோடு வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கேரவன் வைத்திருப்போரும் மேட்டுப்பாளையத்தில் டேங்க்கை முழுதாக நிரப்பிக்கொண்டு ஏறி, திரும்பிவந்து அதே பங்க்கில் மறுபடியும் நிரப்பிப் பார்த்தால், பயந்த அளவுக்கு மோசமில்லை என்பதை அறிவார்கள். இறக்கத்தில் டீசல் அவ்வளவு குறைவாகவே ஆகிறது.

ஆனால் அந்த இறக்கத்தில்தான் உயிருக்கு ஆபத்தான ஒரு தவறான நம்பிக்கை இன்னும் நீடிக்கிறது. நியூட்ரலில் விட்டு இறங்கினால் டீசல் மிச்சமாகும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். இன்றைய டீசல் எஞ்சின்களில் வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், எரிபொருள் செலுத்துவதையே கணினி நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகவே டீசல் எரிய வேண்டியிருக்கிறது. அதாவது செகண்ட் கியரில் இறங்குபவரைவிட நியூட்ரலில் இறங்குபவருக்குத்தான் செலவு அதிகம். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் கொடியது. ஸ்டீயரிங்குக்குக் கிடைக்கும் துணை விசை அந்தக் கணமே போய்விடும், பிரேக்குக்கு இருப்பதும் ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும்.

ஏற்றத்தில் வண்டிக்குள் சேர்த்துவைத்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது எங்காவது வெப்பமாக மாறியாக வேண்டும். கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் எல்லாமே பிரேக்கின் தலையில் விழும். குன்னூர் மலைப்பாதையில் உள்ள பர்லியாறு கடைகளின் முன்னால் வந்து நிற்கும் வேன்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டினாலே அனல் அடிக்கும். கருகிய பிரேக் லைனிங்கின் வாடை டீக்கடை வரை வரும். ஓட்டுநர் பாட்டில் தண்ணீரை எடுத்து அதன்மேல் ஊற்ற, டிஸ்க்கிலிருந்து சீறிக்கொண்டு ஆவி எழும். பழுக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் ஊற்றினால் அது வளையும், விரிசலும் விடும். நிழலில் அரை மணி நேரம் சும்மா நிறுத்திவைப்பதே சரியான வைத்தியம். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்குவதற்குத் தடை வந்ததன் பின்னணியில் இத்தகைய விபத்துகளே உள்ளன. மேலே தண்ணீர்த் தொட்டி, கட்டில், அலமாரி என்று எடை கூட்டப்பட்ட கேரவனுக்கு இந்த எச்சரிக்கை காரைவிட இரட்டிப்பாகப் பொருந்தும்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 200 லிட்டர் தொட்டியைச் சமவெளியிலேயே நிரப்பிக்கொண்டு ஏறினால், அந்தத் தண்ணீரைத் தூக்குவதற்கு மட்டும் 300 மில்லி டீசல் போகிறது. தொகை சிறியதுதான். ஆயினும் தண்ணீருக்குப் பஞ்சமில்லாத காலத்தில் குன்னூர் வந்து நிரப்பிக்கொள்வதில் என்ன கஷ்டம்? கனமான பிளைவுட் அலமாரிகள் செய்வோரும் இதை யோசிக்கலாம்.

உண்மையில் ஏற்றத்தைவிடச் சமவெளியில்தான் மைலேஜ் அதிகம் பறிபோகிறது. சென்னையிலிருந்து வருவோர் மலையடிவாரத்தை எட்டுவதற்கே 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறார்கள். உயரமான கூரையும் தட்டையான முகமும் கொண்ட வண்டியை 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100க்கு உயர்த்தினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. கூரைமேல் கேரியரும் கூடாரமும் இருந்தால் சொல்லவே வேண்டாம். மலைப்பாதையில் 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும்போது இந்தக் காற்று ஒரு பொருட்டே அல்ல. சிக்கனம் வேண்டுவோர் நான்குவழிச் சாலையிலேயே காலைச் சற்று அடக்கிக்கொள்ளட்டும். டயர் ஆறியிருக்கும்போது காற்றையும் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நிறுத்திவைத்த வேனின் எஞ்சினை ஹீட்டருக்காகவும் விளக்குக்காகவும் செல்போன் சார்ஜுக்காகவும் இரவு முழுவதும் ஓட விடும் பழக்கம் பெருகிவருகிறது. இரண்டு, இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சின் சும்மா நின்று ஓடினாலே மணிக்கு முக்கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும். எட்டு மணி நேரத்துக்கு ஆறு லிட்டர். மூன்றரை டன் வண்டியை மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை உயரத்துக்குத் தூக்க எவ்வளவு டீசல் பிடித்ததோ, அதற்கும் மேலான அளவு ஒரே இரவில், வண்டி ஓர் அடிகூட நகராமல் தீர்ந்துபோகிறது. இரண்டு இரவு தங்கினால் இரண்டு முறை அந்த உயரத்துக்குத் தூக்கியதற்குச் சமம். ஜனவரி மாதத்து விடியலில் உதகையை அடுத்த தலைகுந்தா பக்கம் போய்ப் பார்த்தால், உறைபனி வெள்ளையாகப் படிந்த புல்லில், புகைக்குழாய் இருந்த இடத்துக்கு நேரே மட்டும் பனி உருகிக் கரி ஒட்டிய திட்டு ஒன்று தெரியும். வண்டி போனபின்பும் அது அங்கேயே கிடக்கும்.

சூடாவது கிடைக்கிறதா என்றால் அதுவும் அரைகுறைதான். சுமை இல்லாமல் ஓடும் டீசல் எஞ்சின் உதகைக் குளிரில் சரியாகச் சூடேறுவதே இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பின், பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில் இப்படி ஓடும்போது புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொண்டு, அதைச் சுத்தம் செய்வதற்கென்றே பின்னர் கூடுதல் டீசல் எரிகிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரியது உயிர்ப் பிரச்சினை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு தொழிலாளர்கள் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடு வாயுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்காகக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக அடைத்துக்கொண்டு குழந்தைகளோடு உறங்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு மனம் பதைக்கிறது.

ஓர் இரவுக்குக் கேரவனுக்குத் தேவைப்படும் மின்சாரமோ மிகக் கொஞ்சம். இரண்டு எல்.இ.டி. விளக்கு, ஒரு சிறிய ஃப்ரிட்ஜ், நான்கைந்து செல்போன் என எல்லாம் சேர்ந்தாலும் ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று அதைத் தாங்கும். பகலில் வண்டி ஓடும்போதே அது ஓரளவு ஏறிக்கொள்ளும். சோலார் தகடு கோடையில் நன்கு உதவும், ஜூன் மாத மேகமூட்டத்தில் அவ்வளவாக உதவாது. குளிருக்கு நல்ல கம்பளி, கண்ணாடிகளுக்குத் தடித்த திரை, வெந்நீர்ப் பை ஆகியன போதும் என்பதை எங்கள் மலைவாசிகள் எல்லோரும் அறிவர்.

இதில் நிர்வாகம் செய்யக்கூடியதும் உண்டு. நெரிசலைக் குறைக்க உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல், வெளியூர் வாகனங்கள் இணையத்தில் பதிந்து அனுமதி பெறும் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் வந்தது. இரண்டையும் நான் வரவேற்கிறேன். ஆனால் இந்த எண்ணிக்கையில், மாலையில் விடுதிக்குப் போய் அணைந்துவிடும் காரும் விடியும் வரை புகைந்துகொண்டிருக்கும் கேரவனும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. கேரவனில் வருவோர் எத்தனை இரவு, எந்த இடத்தில் வண்டியை நிறுத்தித் தங்கப் போகிறார்கள் என்ற விவரத்தையும் இ-பாஸ் பதிவிலேயே கேட்டுப் பெறலாம். காப்புக்காட்டு ஓரத்திலும் தேயிலைத் தோட்டச் சாலையிலும் கண்ட இடத்தில் நிறுத்துவதை அதன்மூலம் தடுக்கவும் முடியும்.

அப்படிக் கேட்பதற்கு முன்னால், போய் நிற்க ஓர் இடத்தையும் நாம் காட்ட வேண்டும். உதகை, குன்னூர், கோத்தகிரி ஆகிய மூன்று ஊர்களிலும் வாகன நிறுத்துமிடம் ஒன்றில், மீட்டர் பொருத்திய பத்து பிளக் பாயின்ட்டும், குடிநீர்க் குழாயும், கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யும் வசதியும் அமைத்து, இரவு நேரத்தில் எஞ்சினை ஓட விடக்கூடாது என்ற விதியையும் அங்கே நடைமுறைப்படுத்த வேண்டும் என்று நகராட்சிகளையும் சுற்றுலாத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும் டீசலை ஆறு லிட்டர் எரிப்பவர், ஒரு யூனிட் மின்சாரத்துக்கும் வாகன நிறுத்தத்துக்கும் நியாயமான கட்டணம் கொடுக்கத் தயங்க மாட்டார். மூன்று ஊர்களிலும் ஒரே நேரத்தில் முடியாவிட்டால், அடுத்த கோடை சீசனுக்குள் உதகையில் மட்டுமாவது இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போக்குவரத்துக் கழகத் தொழில்நுட்பப் பணியாளர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.