மீன் தொட்டியில் பூஜ்யத்துக்கு இரண்டு பொருள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகளின் நச்சரிப்புக்கு இணங்கி மீன் தொட்டி வாங்கும் பெற்றோர் பலர். சென்ற ஆண்டு அவ்வாறு வாங்கியவர்களுள் நானும் ஒருவன். தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் சோதனைப் பட்டை காட்டிய அளவுகளைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஆறு மோலி மீன்களை ஒரே வாரத்தில் பறிகொடுத்ததால் இதை எழுதுகிறேன்.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஃபில்டரின் ஸ்பாஞ்சில் குடியேறும் ஒருவகைப் பாக்டீரியா அதனை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை போதிய அளவு பெருகுவதற்குப் புதிய தொட்டியில் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தாலும் அது மீனுக்கு உகந்த தண்ணீர் அல்ல.

நான் 60 லிட்டர் தொட்டியில் எங்கள் வீட்டுப் போர் தண்ணீரை நிரப்பி, ஒரு வாரம் ஃபில்டரை ஓடவிட்டு, கடையில் கொடுத்த ஐந்து கட்டப் பட்டையை நனைத்துப் பார்த்தேன். நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்). தொட்டி தயாராகிவிட்டால் வரக்கூடிய அளவுகளும் இவையே என்பதால் அன்று மாலையே மீன்களை விட்டேன். ஆனால் அந்தப் பட்டையில் அம்மோனியாவுக்கென்று ஒரு கட்டமே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. மீன்கள் செத்த பிறகு, சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி முதலில் குழாய்த் தண்ணீரைச் சோதித்தபோது அதிலும் நைட்ரேட் 20 இருந்தது. ஆக, நான் பார்த்த நைட்ரேட் நிலத்தடி நீரோடு வந்தது, பாக்டீரியா உண்டாக்கியதன்று. நைட்ரைட் பூஜ்யமாக இருந்ததற்கும் வேலை முடிந்துவிட்டது காரணமல்ல, வேலை தொடங்கவே இல்லை என்பதுதான் காரணம். ஒரே நாளில் எடுத்த அளவைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. நாள்தோறும் குறித்து வைத்த நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாம் முறை மீனே இல்லாமல், ஆய்வக வேதிப்பொருள் கடையில் வாங்கிய அம்மோனியம் குளோரைடைப் போட்டுத் தொடங்கினேன். 60 லிட்டருக்கு 2 பிபிஎம் அம்மோனியா வருவதற்கு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாகப் போட்டால் போதும். பத்தாம் நாளுக்குப் பிறகு அம்மோனியா குறைந்தது. ஆனால் நைட்ரைட் 5 பிபிஎம்மைத் தாண்டி, வண்ண அட்டையின் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. 2 போட்டதற்கு 5 எப்படி வந்தது என்று என் மனைவி கேட்டது நியாயமான கேள்விதான். எடைக் கணக்கில் 1 பிபிஎம் அம்மோனியா ஏறத்தாழ 2.7 பிபிஎம் நைட்ரைட்டாகவும், பின்னர் 3.6 பிபிஎம் நைட்ரேட்டாகவும் மாறும் என்பதால் இந்த ஏற்றம் இயல்பானதே. இந்தக் கட்டத்தில் வரும் நைட்ரேட் அளவையும் நம்புவதற்கில்லை. அந்தச் சோதனை நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கித்தான் நிறம் காட்டுகிறது. ஏற்கெனவே இருக்கும் நைட்ரைட்டும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். போதாததற்கு, நைட்ரேட்டின் இரண்டாம் குப்பியில் மருந்து அடியில் படிந்துவிடுவதால் அதை அரை நிமிடம் வேகமாகக் குலுக்காவிட்டால் அளவு குறைத்தே காட்டும்.

நான்காம் வாரத்தில் எல்லாம் அப்படியே நின்றுபோயிற்று. அம்மோனியாவும் குறையவில்லை, நைட்ரைட்டும் குறையவில்லை. போர் தண்ணீர் மீதிருந்த கோபத்தில் இம்முறை முழுக்க ஆர்ஓ தண்ணீரை ஊற்றியிருந்ததுதான் தவறு. அம்மோனியா நைட்ரைட்டாகும்போது அமிலம் உண்டாகிறது. அதை ஈடுகட்டத் தண்ணீரில் கார்பனேட் உப்புகள் வேண்டும். ஆர்ஓ தண்ணீரில் அவை மிகக் குறைவு என்பதால் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 6-க்கு இறங்கி, பாக்டீரியா முடங்கிவிட்டது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் போர் தண்ணீரைக் கலந்த மூன்றாம் நாளே நைட்ரைட்டின் ஊதா நிறம் வெளிறத் தொடங்கியது. மீன் இருக்கும் தொட்டியில் இதை அவசரமாகச் செய்யக் கூடாது. பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், மொத்த அம்மோனியா அளவு மாறாமலே அதன் நச்சுப் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். சோதனைப் பெட்டி காட்டுவது அந்த மொத்தத்தை மட்டுமே.

2 பிபிஎம் அம்மோனியா போட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால்தான் தொட்டி தயார். எனக்கு அது 41-ஆம் நாள் வந்தது. சோதனைக் குழாயை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சள் பல்பின் கீழ் அம்மோனியாவின் மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றுபோலவே தெரியும்.

சோதனைப் பட்டைகளை விற்பவர்கள், 'இதில் அம்மோனியா அளவு தெரியாது' என்று உறையின் மேல் தமிழில் ஒரு வரி அச்சிட வேண்டும். தொட்டியையும் மீனையும் ஒரே பில்லில் போடும் கடைக்காரர்கள், தொட்டியை மட்டும் விற்று, மீனுக்கு ஒரு மாதம் கழித்து வரச் சொல்ல வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தாம்பரம்.