தை மாதத்தில் வெந்நீர் ஊற்றுக்கு

சின்ச்சு, தைவான்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மாமியாரின் கடைசி மாதங்களைப் பற்றி நீ எழுதியிருந்த பகுதியைக் கடந்து போக முடியாமல் அங்கேயே நின்றேன். "இப்போது யாருக்கும் மருந்து கொடுக்க வேண்டியதில்லை, ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது" என்று எழுதியிருக்கிறாய். பகலெல்லாம் வார்டில் நோயாளிகள், இரவெல்லாம் வீட்டில் நோயாளி என்று இத்தனை வருடம் ஓடிய உடம்பு அது. ஓய்வு பெற்றுவிட்டாய் என்று அரசு ஆணை சொல்லலாம். உடம்புக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கவினுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று அவனிடம் சொல். இங்கே எல்லோரும் நலம். மகள் தைனானில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், விடுமுறைக்கு மட்டும் வருகிறாள். ஆய்வகத்தில் வேலை எப்போதும்போல் அதிகம்தான். நீ வருவதாக எழுதிய அன்றே தை மாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீ அனுப்பிய இடங்களின் பட்டியலைப் பார்த்தேன். தாரோகோ பள்ளத்தாக்கு, அலிஷான், சூரிய-சந்திர ஏரி, பசுமைத் தீவு, ஜிபென், பெய்டோ, தைப்பேயின் உயரமான கோபுரம் என்று எதையும் நீ விடவில்லை. கோபித்துக்கொள்ளாதே, இதில் பெரும்பகுதியை அடித்துவிடப் போகிறேன். தாரோகோவின் பாதைகள் 2024 ஏப்ரல் நிலநடுக்கத்தில் பெரிதும் சிதைந்தன. அந்தச் சீரமைப்பு பல வருட வேலை. பசுமைத் தீவில் கடலோரமாகவே உப்புநீர் வெந்நீர் ஊற்று உண்டு, உலகில் அரிதான ஒன்று. ஆனால் தை மாதத்தில் வடகிழக்குக் காற்று கடலைப் புரட்டும். அந்தப் படகில் ஏறினால் கரை சேரும்வரை வாந்திதான். வெந்நீர் ஊற்று ஊரான ஜிபென் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. ரயிலில் போய்வரவே நாள் கரைந்துவிடும். அங்கே 2009 ஆகஸ்ட் புயல் வெள்ளத்தில் ஆற்றோரத்து ஹோட்டல் ஒன்று மொத்தமாகச் சரிந்து தண்ணீரில் விழுந்த படத்தை நீயும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான், மல்லிகா. இந்த முறை நீ எதையும் பார்க்க வர வேண்டாம், தங்க வா. தினம் ஒரு ஊர், தினம் ஒரு பெட்டி கட்டுதல், விடியலில் ஓடிப் பிடிக்கும் பஸ் என்றால் அது உனக்கு இன்னொரு பணிமுறை. இரண்டே வெந்நீர் ஊற்று ஊர்கள் போதும்: முதலில் பெய்டோ, பிறகு ஜியாவ்ஷி.

இந்தத் தீவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 36,000 சதுர கிலோமீட்டர்தான், தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் 3,000 மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் இருநூறுக்கு மேல். அவற்றில் மிக உயரமான யுஷான் சிகரம் 3,952 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். பிலிப்பைன் கடல் தட்டும் யூரேசியத் தட்டும் மோதுகிற இடத்தில் தீவு இருப்பதால் மலைகள் இன்னமும் உயர்ந்துகொண்டிருக்கின்றன. ஆழத்திலிருக்கும் சூடான பாறை வேகமாக மேலே வருகிறது. மலையில் பெய்யும் மழை பிளவுகளின் வழியே கீழிறங்கி, அங்கே சூடேறி, வேறொரு பிளவு வழியே வெளியே வருகிறது. நிலநடுக்கமும் வெந்நீரும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். தைவானில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊற்றுகள் இருப்பது அதனால்தான்.

நாம் போகும் இரண்டு ஊர்களில் பெய்டோ மட்டும் எரிமலைப் பகுதி. தைப்பே நகர ரயிலிலேயே போய் இறங்கிவிடலாம். நிலையத்திலிருந்து ஓடையோரமாக மேலேறினால் முதலில் கந்தக வாடை, பிறகு ஆவி, கடைசியில் 'நரகப் பள்ளத்தாக்கு' என்று சொல்லப்படும் பச்சை நீர்க் குளம். அந்த நீர் கொதிநிலைக்கு அருகில் இருக்கும், அமிலத் தன்மையும் கடுமை. வேலிக்கு வெளியே நின்று பார்க்க மட்டும்தான். ஒரு காலத்தில் மக்கள் அதில் முட்டை வேகவைத்தார்களாம். விபத்துகள் நடந்த பிறகு தடை செய்துவிட்டார்கள். 1905-இல் ஒகமோட்டோ என்ற ஜப்பானியர் அந்த ஓடையின் கற்களில் படிந்திருந்த ஒரு கனிமத்தைக் கண்டுபிடித்தார். ஈயமும் பேரியமும் சேர்ந்த சல்பேட், அதில் கொஞ்சம் ரேடியமும் உண்டு. அதற்கு இந்த ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். கனிமங்களோடு வாழ்க்கையை ஓட்டும் எனக்கு, அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கல்லின் முன்னால் நிற்பது ஒவ்வொரு முறையும் சந்தோஷம்.

அருங்காட்சியகக் கட்டடத்தின் கதை உனக்குப் பிடிக்கும். ஜப்பானியர் ஆட்சியில், 1913-இல், செங்கல்லும் மரமுமாகக் கட்டிய பொதுக் குளியல் கூடம் அது. பிற்காலத்தில் கைவிடப்பட்டுப் பாழடைந்து கிடந்தது. 1994-இல் உள்ளூர்த் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளும் ஆசிரியர்களும் ஊர் வரலாறு தேடிப் போனபோது அதைக் கண்டார்கள். காப்பாற்ற வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். ஊர் கூடி நின்றது. 1998-இல் அது வெந்நீர் ஊற்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இன்னொன்றும் உனக்காகவே சொல்கிறேன்: ரஷ்ய-ஜப்பானியப் போரில் காயம்பட்ட வீரர்களைத் தேற்றுவதற்கு இந்த ஊருக்குத்தான் அனுப்பினார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் என் கண்ணில் படவில்லை. நீ வந்து அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பெய்டோவில் ஓர் இரவு போதும். அங்கே குளிக்கும் முன் மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடு. கந்தக நீர் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். கண்ணில் படாமலும் பார்த்துக்கொள். தோலுக்கும் அந்த நீர் கொஞ்சம் காட்டமானது. அதனால் உனக்கு நீண்ட ஓய்வுக்கு நான் தேர்ந்தெடுத்திருப்பது ஜியாவ்ஷி.

அது கிழக்குப் பக்கம், யிலான் மாவட்டத்தில் இருக்கிறது. பஸ் என்றால் மலையைக் குடைந்த 12.9 கிலோமீட்டர் சுரங்கப்பாதை வழியாக ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். அந்தச் சுரங்கத்தைக் குடைய பதினைந்து வருடம் ஆயிற்று. 25 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 2006-இல் அது திறந்த பிறகுதான் தைப்பே மக்கள் வார இறுதியில் ஜியாவ்ஷிக்குக் குவியத் தொடங்கினார்கள். நாம் ரயிலில் போவோம். நேரம் கூடுதல்தான், ஆனால் மலையைச் சுற்றிக் கடலோரமாகப் போகும். இடப்பக்கம் ஜன்னலோரம் உனக்கு. கடலுக்குள் ஆமை படுத்திருப்பது போன்ற எரிமலைத் தீவைப் பார்க்கலாம். திங்கள் முதல் வியாழன் வரை தங்கினால் கூட்டமும் இருக்காது, வாடகையும் குறையும்.

ஜியாவ்ஷியின் நீருக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. சோடியம் பைகார்பனேட் கலந்தது; குளித்து எழுந்தால் தோல் வழவழவென்று இருக்கும். பல ஹோட்டல்களில் அறைக்குள்ளேயே பெரிய தொட்டி கட்டி ஊற்று நீரைக் குழாயில் விடுகிறார்கள். ஊருக்கு நடுவே ஒரு பூங்கா, அதில் கால் நனைக்கும் குளங்கள். மாலையில் பாட்டிகள் பேரக் குழந்தைகளோடு வந்து காலை விட்டு உட்கார்ந்துவிடுவார்கள். வள்ளைக்கீரையைக்கூட அங்கே ஊற்று நீர் பாய்ச்சித்தான் வளர்க்கிறார்கள். தண்டு நீளமாக, நாரில்லாமல் இருக்கும்.

பொதுக் குளியலைப் பற்றித் தயக்கத்தோடு கேட்டிருந்தாய். ஆண்களும் பெண்களும் சேர்ந்து குளிக்கும் திறந்தவெளிக் குளங்களில் நீச்சலுடையும் தலைக்கு உறையும் அணிந்துதான் இறங்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக உள்ள கூடங்களில் உடையில்லாமல் குளிப்பார்கள். உனக்கு விருப்பமில்லை என்றால் அறைத் தொட்டியே போதும், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் ஒருமுறையாவது வந்து பார் என்று கேட்டுக்கொள்கிறேன். காவிரிப் படித்துறையில் பாவாடையை மார்போடு கட்டிக்கொண்டு நம் அம்மாக்கள் குளித்ததையும் பேசியதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கேயும் பெண்கள் அப்படித்தான் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சிசேரியன் தழும்பு, முட்டி அறுவைத் தழும்பு, தொங்கிய வயிறு, எல்லாம் இருக்கும்; யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. இத்தனை வருடம் மற்றவர்களின் உடம்பைக் கூச்சமில்லாமல் துடைத்து, திருப்பிப் படுக்க வைத்தவள் நீ. உன் உடம்பையும் அதே கருணையோடு நீ பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

முறை எளிது. முதலில் முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட வேண்டும். தலைமுடியை உயர்த்திக் கட்ட வேண்டும். துண்டு நீருக்குள் படக்கூடாது. பிறகு பாதம், முழங்கால், இடுப்பு என்று மெல்ல இறங்க வேண்டும். 40 டிகிரி அளவுள்ள குளமே உனக்குப் போதும்; இன்னும் சூடான குளத்துக்குப் போகாதே. ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும், எழும்போது தலை சுற்றும் என்பதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீ நோயாளிகளுக்குச் சொல்வதை உனக்குச் சொல்லிக்கொள்ள மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாய் அல்லவா, புறப்படும் முன் உன் மருத்துவரைக் கேட்டுவிடு. சாப்பிட்ட கையோடு இறங்காதே, தண்ணீர் நிறையக் குடி.

நீரிலுள்ள தாதுக்கள் நோயைத் தீர்க்கும் என்ற விளம்பரங்களை நான் நம்புவதில்லை. ஆனால் கழுத்தளவு நீரில் உடம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத்தான் கால்கள் தாங்குகின்றன. உன் முட்டிக்கு அது எப்படிப்பட்ட விடுதலை என்று நினைத்துப் பார். குளித்து வெளியே வந்த பிறகு உடம்பு மெல்லக் குளிர்கிறபோது தூக்கம் தானாக வரும். உன் இரண்டு மணி விழிப்பை எதிர்த்து நான் நம்பியிருப்பது அதைத்தான்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பௌத்த வழக்கத்தால் சைவ உணவுக் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. பல கடைகளில் வெங்காயம், பூண்டு கூடச் சேர்ப்பதில்லை. முட்டை உண்டா என்பதை மட்டும் நான் கேட்டுச் சொல்கிறேன். யிலானில் குளிர்காலம் மழைக்காலம். தூறல் விட்டுவிட்டு இருக்கும். ஒரு குடையும் கம்பளிச் சட்டையும் எடுத்துக்கொள். மழை விட்ட நேரத்தில் அருகிலுள்ள அருவிவரை நடப்போம். விடாவிட்டால் அறையில் படுத்துக்கொண்டு பேசுவோம், நமக்குப் பேச என்ன பஞ்சம்?

பொங்கல் முடிந்ததும் புறப்படு; சீனப் புத்தாண்டுக்கு முன்பே நாம் ஜியாவ்ஷியை முடித்துவிட வேண்டும், அந்த வாரத்தில் அறை கிடைக்காது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக வருவது உனக்கு எளிது. விசாவுக்குத் தில்லி போக வேண்டாம், சென்னையிலேயே தைவானின் அலுவலகம் இருக்கிறது. அழைப்புக் கடிதத்தை நான் இந்த வாரமே அனுப்புகிறேன். அதற்கு உன் பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகல் வேண்டும். அது எத்தனை வருடம் செல்லும் என்றும் பார்.

உன் வீட்டுக்காரர் தனியாகச் சமாளிப்பாரா என்று கேட்டிருந்தாய். சமாளிப்பார். அவரிடம் நான் பேசுகிறேன். நீ தேதியை மட்டும் எழுது, அறையைப் பதிவு செய்துவிடுகிறேன்.

அன்புடன்,
வசந்தி