மூட்டையைச் சின்னதாக்குங்கள்

பாலக்காட்டு எல்லையிலுள்ள வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை மண்டிக்காரர்களுக்கும், எல்லாக் கொடிகளின் கீழும் இருக்கிற சுமட்டுத் தொழிலாளர் (சுமை தூக்குவோர்) சங்கத்து அண்ணன்மார்களுக்கும், வணக்கம்.

இந்தப் பகுதியில் பிசியோதெரபி பார்க்கிறவன் நான். குறுக்குவலியென்று நீலச்சட்டை போட்ட சுமட்டுத் தொழிலாளி யார் வந்தாலும் கூட வருகிறவர் சொல்வது ஒன்றுதான்: "இவனுக்குக் குனிஞ்சு தூக்கத் தெரியலைங்க."

பாதி நிஜம். முதுகுத் தசைகளுக்கும் முதுகெலும்பின் நடுவுக்கும் சுமார் 5 செ.மீ. தான் இடைவெளி. கை நீட்டித் தூக்கும்போது சுமை 50 செ.மீ. முன்னால் இருக்கிறது. 20 கிலோ வெங்காயத்துக்கே அந்தத் தசைகள் 200 கிலோவுக்கு இழுத்தாக வேண்டும். குனிந்த உடம்பின் எடை தனி. அத்தனை அழுத்தமும் இறங்குவது இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்குகளில், அதாவது எலும்புகளுக்கு நடுவே இருக்கிற மெத்தைகளில். தூக்கிய கையோடு இடுப்பைத் திருப்பினால் இன்னும் மோசம். முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள், காலை நகர்த்தித் திரும்புங்கள் என்று நானும்தான் சொல்கிறேன்.

ஆனால் அட்டி, அதாவது மூட்டை அடுக்கு, தலைக்கு மேலே போனபிறகு எந்த முழங்காலை மடக்குவது? தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்ததால் மட்டும் முதுகுவலி குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. இடுப்பு பெல்ட்டும் அப்படித்தான்.

ஒருவர் தூக்கும் சுமை வரம்பை 75 கிலோவிலிருந்து 55 ஆகக் கேரளம் இறக்கியது நல்லது. இருந்தாலும் அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் தன் கணக்கைத் தொடங்குவதே 23 கிலோவில்தான்; அதுவும் இடுப்புயரத்தில், உடம்பை ஒட்டி, திரும்பாமல் தூக்கினால். நோக்குகூலி (வேலை செய்யாமல் பார்த்து நின்றதற்குக் கேட்கும் கூலி) பற்றிப் பத்தி பத்தியாக எழுதுகிறவர்கள் இந்தக் குறுக்கைப் பற்றி ஒரு வரி எழுதிப் பார்த்ததில்லை.

ஆகவே 25 கிலோ மூட்டை கேட்கிறேன். லாரித் தட்டு உயரத்துக்கு ஒரு திண்ணை, நாலு தள்ளுவண்டி, நெஞ்சுக்கு மேல் போகாத அட்டி. வலி வந்தவரை மாசக்கணக்கில் படுக்கப் போடவும் வேண்டாம், மறுநாளே முழுச்சுமை ஏற்றவும் வேண்டாம். நடமாட்டம் இருக்கிற இலேசான வேலை கொடுங்கள். இரண்டு காலும் மரத்து, மூத்திரம் அடைத்தால் மட்டும் எண்ணெய், உழிச்சல் (தடவி விடுவது) எதற்கும் நிற்காமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

மூட்டை சின்னதானால் எண்ணிக்கை கூடும், கூலி ஏறும் என்று மண்டிக்காரர் பயப்படுவார். பாதி மூட்டைக்குப் பாதிக் கூலிதானா என்று தொழிலாளிக்கும் சந்தேகம் வரும். இரண்டும் நியாயம். கூலியை மூட்டைக் கணக்கில் பேசாமல் குவிண்டால் கணக்கில் பேசுங்கள். சுமட்டுத் தொழிலாளர் நலவாரியத்து அதிகாரியையும் உட்கார வைத்து, அடுத்த கூலிப் பேச்சில் இதை முதலில் எடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தைப் பக்கத்து பிசியோதெரபிஸ்ட்