நல்லூர் மணலும் என் இடது காலும்

கொக்குவில்,
ஞாயிற்றுக்கிழமை

மச்சான்,

உன் கடிதம் வந்து நாலு மாதம். பதில் எழுதாததற்குச் சாட்டு ஒன்றும் இல்லை. வரும்போது நேரில் ஏசு. வீட்டில் எல்லோரும் சுகம். இளையவளின் கலியாணப் பேச்சு இன்னும் இழுபடுகிறது. கிணற்றடி முருங்கை காற்றுக்கு முறிந்து போனது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குச் சீனி வருத்தம்.

சிரிக்காதே. வைகாசி வெயிலில் யாருக்குத்தான் தாகம் எடுக்காது? இரவில் நாலு தரம் எழும்புவதற்கும் குடித்த தண்ணீரையே சாட்டினேன். இவள் நம்பவில்லை. வெறுவயிற்றோடு இரத்தம் கொடுக்க இழுத்துக்கொண்டு போனாள். சீனி 168. 126ஐத் தொட்டாலே சலரோகக் கணக்குத்தானாம். முதல் நாள் தின்ற கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் வேலை என்று வாதாடினேன். டொக்டர் பிள்ளை, எங்கள் கணக்கு வாத்தியார் மாதிரியே கண்ணாடிக்கு மேலால் பார்த்துவிட்டு, எச்பிஏ1சி என்று இன்னொரு இரத்தச் சோதனை எழுதித் தந்தாள்.

அது பொல்லாத சாமான். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்குமாம். ஒட்டிய சீனியைக் கடைசிவரை சுமந்து திரியுமாம். ஆகவே இரண்டு மூன்று மாதக் கள்ளம் முழுக்க வெளியே வரும். முதல் நாள் பட்டினி கிடந்து ஏய்க்க ஏலாது. 6.5 வந்தாலே வருத்தம், எனக்கு 8.9. சீனி போடாத தேத்தண்ணி குடிக்கிறேன் என்று உன்னிடம் எவ்வளவு பெருமை அடித்தேன்! பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்ததை மட்டும் சொல்லவில்லை.

இப்போது வீட்டிலேயே விரலில் குத்திப் பார்க்கிறேன். போன கிழமை 271 காட்டியது. இவள் அழத் தொடங்கிவிட்டாள். பார்த்தால், பேரனுக்கு மாம்பழம் வெட்டிக் கொடுத்த கை. சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, மறு விரலில் குத்தினால் 152. பழம் தின்னாமலே பழி.

பகிடி இவ்வளவுதான்.

கிளினிக்கில் கால் பார்த்தார்கள். நைலோன் இழை ஒன்று, தூண்டில் நூல் மாதிரி. "கண்ணை மூடுங்கோ ஐயா, படேக்கை சொல்லுங்கோ" என்றாள் அங்கிருந்த பிள்ளை. வலது காலில் பட்ட இடமெல்லாம் "ஓம்" சொன்னேன். பிறகு இடது காலுக்கு வருவாள் என்று காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தால் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறாள். "முடிஞ்சுதோ பிள்ளை?" "நாலு இடத்திலை வைச்சுப் பாத்தனான் ஐயா."

போன வருடம் நல்லூர்த் தேரன்று மத்தியானம் மணலில் நீ துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடினாயே. "வெளிநாட்டுக் கால்" என்று எல்லோருக்கும் முன்னால் பகிடி பண்ணினேன். நான் ஆறுதலாக நடந்து வந்தேன். முருகன் அருள் என்றுகூடச் சொன்னேன், ஞாபகமா? அப்போதே அந்தக் காலில் பாதி விறைத்துப் போயிருந்திருக்கிறது. வருத்தம் பிடிபடும் முன்பே நரம்பைத் தின்னத் தொடங்கிவிடுமாம். இப்போது ஒவ்வொரு இரவும் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலில் காயம் இருக்கிறதா என்று தேடுகிறேன்.

உன் ஐயாவுக்கும் இது இருந்தது. அவருடைய காலை நாங்கள் இரண்டு பேரும்தானே கட்டி விட்டோம். அதனால் கேட்கிறேன்: கடைசியாக எப்போது இரத்தம் கொடுத்தாய்? "எனக்கு ஒன்றும் இல்லை" என்று எழுதாதே, எண்ணை எழுது.

தேருக்கு வருவாய்தானே? இந்த முறை வீதியில் நீ முன்னால் நட. மணல் சுடுகிறதா என்று நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

சின்னக்காவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய கூட்டாளி