வெளிவட்டச் சாலையில் ஒரு ராத்திரி

திருவொற்றியூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள குமார்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்றைக்கு நான் காட்டுப்பள்ளி துறைமுக வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அம்மாதான் பிரித்து போனில் படித்துக் காட்டினாள். தருமபுரி தாண்டித் தொப்பூர் மலை இறக்கத்தில் உன் லாரியின் பிரேக் டிரம் புகைந்தது என்று கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. மீதியை வீட்டுக்கு வந்து நானே படித்தேன். நீ ஓரம் கட்டி ஆறவிட்டது சரிதான்டா. லேட் ஆனதற்கு ஓனர் கத்தினால் கத்தட்டும். ஆனால் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கச் சொல்கிறவர்கள் பேச்சை மட்டும் கேட்காதே. இன்ஜின் பிடித்து இழுக்காமல், அவ்வளவு லோடையும் பிரேக் ஒன்றே தாங்காது.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. என் மகள் ஒன்பதாவது போய்விட்டாள்.

வேலையை விடலாமா என்று நான் கேட்டிருந்ததற்கு, ஒரு வருஷமாவது பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று எழுதியிருக்கிறாய். நாம் ஹெவி லைசென்ஸ் எடுத்துப் பத்து மாதம்தான் ஆகிறது, அதற்குள் தாவினால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது உன் கணக்கு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். போன மாதம் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், கேள்.

நாற்பதடி கண்டெய்னர், ஒரகடம் லோடு. மீஞ்சூரில் வெளிவட்டச் சாலை ஏறினால் வண்டலூர் வரை 62 கிலோமீட்டர், சென்னைக்குள் நுழையாமலே போய்விடலாம். நெமிலிச்சேரி தாண்டியபோது ராத்திரி ஒரு மணி இருக்கும். பின்னால் புஸ்ஸென்று சத்தம். பிரேக்குக்கான ஏர் பிரஷர் முள் மளமளவென்று இறங்கியது, பஸ்ஸர் அடித்தது. ஓரம் கட்டுவதற்குள் டிரெய்லர் தானாகப் பிடித்துக்கொண்டது. பாதி வண்டி ரோட்டில், பாதி ஓரத்தில்.

காற்று போனால் பிரேக் போய்விடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நேர்மாறாம். டிரெய்லருக்குப் போகும் எமர்ஜென்சி லைன் என்கிற காற்றுக் குழாய் அறுந்தால், டிரெய்லர் தன் டாங்கில் இருக்கும் காற்றை வைத்தே பிரேக் போட்டுக்கொள்ளுமாம். முன்வண்டியின் பின்சக்கரத்தில் ஸ்பிரிங் இருக்கிறது. காற்று அழுத்தி வைத்திருக்கும் வரைதான் அது அடங்கிக் கிடக்கும், காற்று குறைந்தால் வந்து பிடித்துவிடும். மெக்கானிக் விடியற்காலையில் வந்து சொன்னபிறகுதான் எனக்குப் புரிந்தது. நமக்குச் சொல்லிக்கொடுத்த இடத்தில் எட்டுப் போடவும் பின்னால் எடுக்கவும் சொல்லித் தந்தார்களே தவிர, இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. காலையில் வண்டி எடுக்கும் முன் ஏர் டாங்கில் தங்கும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். நீ செய்கிறாயா?

எச்சரிக்கை முக்கோணம் இரண்டில் ஒன்று உடைந்து கிடந்தது. இருந்ததைப் பின்னால் நெடுந்தூரம் நடந்துபோய் வைத்தேன். கல் வைக்க மனசு வரவில்லை. போகும்போது ஒன்றை எடுக்க மறந்தாலும் பைக்கில் வருகிறவன் உயிர் போய்விடும். செடிக்கொப்புகளை ஒடித்துப் போட்டுவிட்டு, டார்ச்சை ஆட்டிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு லாரியும் கிட்டே வந்த பிறகுதான் ஒதுங்கியது. ஒவ்வொரு தடவையும் மகள் முகம்தான் வந்தது. 100க்கு அடித்தேன். ரோந்து வண்டி வந்து, விளக்கைச் சுழலவிட்டுப் பின்னாலேயே நின்றது. அந்தக் காவலர் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். அவரை மறக்கமாட்டேன்.

அதற்கு முன்பே ஆபீசுக்கு போன் செய்திருந்தேன். சூப்பர்வைசர் கேட்ட முதல் கேள்வி, "என்னத்த பண்ணி உடைச்ச?" என்பதுதான். அறுந்தது ஏர் ஹோஸ். வண்டியின் அடிச்சட்டத்தில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. பத்து நாள் முன்னாடியே நான் சொன்னேன் குமார். டேப் சுற்றி அனுப்பினார்கள். அந்த ஹோஸை மாற்ற அரை மணி நேர வேலைகூட இல்லை. கடைசியில் என் பேட்டாவில், அதாவது டிரிப் படியில், 1,500 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

வண்டி என்றால் நிற்கத்தான் செய்யும், அதற்காக நான் விலக நினைக்கவில்லை. சொன்னதைக் காதில் வாங்காமல் அனுப்பிவிட்டு, நின்றதும் புதுசா வந்தவன் தலையில் கட்டுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இப்படி ஒரு இடத்தில் ஒரு வருஷத்தைக் கடத்தி எந்த நல்ல பெயரை வாங்கப்போகிறேன்? இன்னொரு ராத்திரி ரோந்து வண்டி வராமலும் போகலாம்.

அதனால் இரண்டு இடம் பார்த்தேன். ஒன்று, ஒரகடத்திலிருந்து வடக்கே கார் ஏற்றிப் போகும் டிரெய்லர். புது வண்டி, கேபினில் ஏசி. 2025இல் புது லாரிகளுக்குக் கேபின் ஏசி கட்டாயம் ஆகிவிட்டதே, அந்த வகை. பேட்டாவும் அதிகம். ஆனால் ஒரு டிரிப் போனால் இருபது நாள் வீடு கிடையாது. ஒரிஜினல் லைசென்சை ஆபீசில் கொடுத்து வைக்க வேண்டுமாம். அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட்டேன். நீயும் யாரிடமும் கொடுத்துவிடாதே.

இன்னொன்று மாதவரத்தில். மூன்றே வண்டி, மூன்றும் பழசு. ஓனர் முன்னாள் டிரைவர். அவரிடம் பேசுவதற்கு முன்னால் யார்டில் அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். டயர் எல்லாம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது, ஹோஸ்களை உரசாதபடி கிளிப் போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு நோட்டு தொங்குகிறது. டிரைவர் வந்து குறையை எழுதுகிறார், சரிசெய்தவர் பக்கத்தில் தேதி போடுகிறார். வழியில் நின்றால் செலவு யாருடையது என்று அங்கிருந்த டிரைவரைக் கேட்டேன். என்னை வினோதமாகப் பார்த்து, "வண்டி யாருதுப்பா?" என்றார். சம்பளம் இப்போது வாங்குவதைவிட 2,000 குறையும். மனைவியிடம் சொன்னேன். "போங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

உடனே கிளம்பிவிடவில்லை. இங்கே இரண்டு டிரிப் பேட்டா பாக்கி இருக்கிறது, நான் வாங்கிய அட்வான்சில் 4,000 கழிய வேண்டும். இரண்டையும் முடித்து, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுப்பேன். அதுவரை குறை ஏதாவது இருந்தால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வண்டி ஏறுகிறேன். வாயால் சொன்னதற்கு அன்றைக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. நீயும் இதை ஆரம்பி. புகைந்த அந்த பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்தார்களா? பார்க்காமல் அடுத்த லோடு ஏற்றச் சொன்னால், ஏற்றாதே.

மாதவரத்து ஓனர் அடுத்த மாதம் சேலம் லோடு வரலாம் என்கிறார். கிருஷ்ணகிரி தாண்டி நான் ஓட்டியதே இல்லை. தொப்பூரில் இறங்கத் தொடங்கும்போது எந்த கியரில் இருந்தாய், எந்த வளைவிலிருந்து சூடேறத் தொடங்கியது என்பதை மறக்காமல் விவரமாக எழுது.

உன்,
சேகர்