பொதிக்குள் உடைந்த விசிறி

ஆசிரியர் அவர்கட்கு,

இணையத்தில் வாங்குவதே மலிவு என்று பிள்ளைகள் வற்புறுத்தியதால், கடந்த மாதம் முகநூலில் விளம்பரம் செய்த விற்பனையாளர் ஒருவரிடமிருந்து மேசை விசிறி ஒன்றைத் தருவித்தேன். பொதியைக் கொண்டுவந்த இளைஞர், பணம் செலுத்திய பின்னரே அதைத் திறக்கலாம் என்றார். திறந்தபோது இறக்கையொன்று உடைந்திருந்தது. உள்ளே பற்றுச்சீட்டும் இல்லை, முகவரியும் இல்லை. அன்று மாலையே விற்பனையாளரின் தொலைபேசியும் ஓய்ந்துவிட்டது. இதையே யாழ்ப்பாண நகரிலுள்ள கடையொன்றில் வாங்கியிருந்தால், விசிறியைச் சுழலவிட்டுக் காட்டி, உத்தரவாத அட்டையில் முத்திரை பதித்த பின்னரே கடைக்காரர் பணத்தை வாங்கியிருப்பார். (பேரம் பேசி நூறு ரூபா குறைப்பதில் உள்ள திருப்தி வேறு.)

ஆயினும், இங்கு கிடைக்காத நூல்களையும் உதிரிப்பாகங்களையும், ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணித்துக் கொழும்புக்குச் செல்லாமலே பெறுவதற்கு இணையம் உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் முகவரியே இல்லாதவர் மீது எவ்வாறு முறையிடுவது? இணையத்தில் விற்போர் தமது பதிவிலக்கத்தையும் முகவரியையும் விளம்பரத்திலேயே வெளியிடுவதையும், பணம் செலுத்துமுன் பொதியைத் திறந்து பார்க்க அனுமதிப்பதையும் அதிகாரசபை கட்டாயமாக்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
நல்லூர்.